லேண்ட் க்ரூசர், டிஃபெண்டர், ராங்ளர், ஜிம்னி: நடுவழியில் காலை வாராத வண்டி எது?

மேட்டுவழி:
வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்போ கேள்வியோட வர்றேன். பயன்பாட்டை முதல்ல சொல்லிடறேன். பாதிக்கு மேல தார் ரோடு. மீதி கல், மணல், ஆத்துப் படுகை. ரெண்டு பேர், கூடாரம், தண்ணி கேன், சமையல் சாமான். சிக்னல் இல்லாத இடத்துல நாள்கணக்கா தங்குவோம்.

மனசுல நாலு வண்டி இருக்கு: டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 சீரிஸ், 2016க்கு முந்தைய பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், ஜீப் ராங்ளர் (ஜேகேங்கற முந்தைய தலைமுறை, இல்லேன்னா அதுக்கடுத்த ஜேஎல்), புது சுசுகி ஜிம்னி. நாலும் மேடு ஏறும்னு தெரியும், அதுல சந்தேகம் இல்லை. ஏறின இடத்துலேர்ந்து திரும்பி வருமாங்கறதுதான் கேள்வி. ஷோரூம் பேச்சு வேண்டாம், ஓட்டினவங்க சொல்லுங்க.

பழைய_டீசல்:
70 சீரிஸ். முடிஞ்சுது.

சரி, காரணமும் சொல்றேன். 1984ல வந்த வண்டி, இன்னைக்கும் தயாரிப்புல இருக்கு. அதுல 1எச்இசட் இஞ்சின் போட்டது கிடைச்சா விடாதீங்க. 4.2 லிட்டர், நேர் வரிசையில ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். டீசலைத் திறந்து விடற சோலனாய்டுக்கு ஒரே ஒரு ஒயர், அதுல கரண்ட் பாய்ஞ்சா இஞ்சின் ஓடும். அவ்வளவுதான் எலக்ட்ரிக்கல். மட்டமான டீசலையும் குடிச்சுட்டு ஓடும்.

குறையும் இருக்கு. பவர் 130 குதிரைத் திறன் பக்கம்தான். ஏத்தத்துல லாரியை முந்தணும்னா பொறுமை வேணும். டைமிங் பெல்ட் வண்டி, அதை நேரத்துக்கு மாத்தணும். அப்புறம் யாராவது "டர்போ மாட்டித் தர்றேன்"னு சொன்னா ஓடிடுங்க. அந்த ஹெட் பிரீ-சேம்பர் ஹெட் (டீசல் முதல்ல எரியற குட்டி அறை உள்ளது), டர்போ சூட்டுல விரிசல் விடும்.

கல்லேறி:
அண்ணன் வந்துட்டார், இனி எல்லாருக்கும் லேண்ட் க்ரூசர் மருந்துச் சீட்டுதான் :)

மேட்டுவழி, நீங்க கல்லுன்னு எழுதியிருக்கீங்க. கல்லுன்னா ராங்ளர் ரூபிகான். கணக்கு போட்டுப் பாருங்க. ஜேஎல் ரூபிகான் மேனுவல்: முதல் கியர் 5.13, லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்கற கியர்) 4, ஆக்ஸில் 4.10. பெருக்கினா 84 வரும். அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த இஞ்சின் 84 சுத்து சுத்துது. ஜிம்னி மேனுவலுக்கு அதே கணக்கு 4.425 x 2.002 x 4.09, சுமார் 36. பாறை மேல கிளட்சைத் தொடாம ஊர்ந்து போறதுன்னா என்னன்னு அந்த 84லதான் தெரியும். முன்னும் பின்னும் டிஃப் லாக் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டறது), முன்பக்க ஸ்வே பாரை (வண்டி சாயாம பிடிக்கற கம்பி) கழட்டி விட ஒரு பட்டன், எல்லாம் கம்பெனியிலேயே வருது.

ஓடோமீட்டர்:
விவாதம் வழக்கமான தடத்தில் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். "நம்பகமானது" என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம், ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறோம்.

ஜே.டி. பவர் நடத்தும் ஆரம்பத் தர ஆய்வு, வண்டி வாங்கிய முதல் 90 நாளில் வரும் குறைகளை எண்ணுகிறது. நீண்டகால ஆய்வு என்று அவர்கள் சொல்வது மூன்று வயது வண்டிகளைப் பற்றியது. திரை உறைந்தாலும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனாலும் ஒரு குறை. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைப் பற்றி இவை எதுவும் பேசுவதில்லை. மேட்டுவழி வாங்கப் போவதோ பழைய வண்டி.

இன்னொன்று. லேண்ட் க்ரூசரின் பெயருக்குப் பின்னால் தொண்டு நிறுவனங்களும் ஐ.நா. அமைப்புகளும் இருக்கின்றன. டொயோட்டா ஜிப்ரால்டர் நிறுவனம் அவர்களுக்கென்றே வண்டிகளைத் தயார் செய்து அனுப்புகிறது. அந்த வண்டிகளுக்கு ஆயில் நேரத்துக்கு மாறும், ஃபில்டர் கையிருப்பில் இருக்கும், ஓட்டுநருக்குப் பயிற்சி உண்டு. அந்தப் பராமரிப்பு கிடைத்தால் வேறு வண்டிகளும் ஓரளவு நல்ல பெயர் எடுக்கும். 70 சீரிஸ் உறுதியானது என்பதை மறுக்கவில்லை. புகழில் ஒரு பங்கு பராமரித்தவர்களுக்கும் போக வேண்டும்.

எனவே கேள்வியை இரண்டாக உடைத்துக் கொள்ளுங்கள். எத்தனை தடவை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் முன்கூட்டியே முனகிக் காட்டி, நொண்டியாவது வீடு சேர்க்குமா, இல்லை பட்டென்று நின்றுவிடுமா என்பது இன்னொன்று. உங்கள் பயன்பாட்டுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அலுமினியக்காரன்:
மேலே சொன்னதுக்கு நேரடி உதாரணம் பழைய டிஃபெண்டர். அது அடிக்கடி முனகும். ஒழுகும், சத்தம் போடும், மழையில உள்ளே சொட்டும். ஆனா 300டிடிஐ டீசல் இஞ்சின் போட்ட வண்டி வழியில நின்னா பெரும்பாலும் ரெண்டு ஸ்பேனர், ஒரு ஹோஸ் கிளிப்போட நகர்ந்துடும். 2.5 லிட்டர், மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டரே இல்லை. ஒண்ணே ஒண்ணு, டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு ரசீது இல்லேன்னா மாத்தலேன்னே வச்சுக்கோங்க. அது அறுந்தா நொண்டற பேச்சே கிடையாது.

1998ல டிடி5 இஞ்சின் வந்ததும் கதை மாறுது. இழுவை அருமை, இஞ்சின் கெட்டி. ஆனா இன்ஜெக்டர் ஒயரிங் ராக்கர் கவருக்குள்ள ஆயில்லயே கிடக்குது. ஒயரோட உள் இழை வழியா ஆயில் மெல்ல ஏறி, சீட்டுக்கு அடியில இருக்கற இசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்) வரைக்கும் வந்துடும். வாங்கப் போறப்போ இசியுல மாட்டியிருக்கற சிவப்பு பிளக்கைக் கழட்டுங்க. பின்னுங்களுக்கு நடுவுல பளபளன்னு ஈரம் தெரிஞ்சா, வெள்ளைத் துணியை வச்சு ஒத்தி எடுங்க. கறுப்பா கறை வந்தா ஒயரிங் மாத்தணும்னு அர்த்தம். மலிவான சாமான்தான். கவனிக்காம விட்டா ஒருநாள் இஞ்சின் திக்கித் திணறி ஓடும், நீங்க டீசல் பம்பைக் குத்தம் சொல்லிட்டு அலைவீங்க.

துருவை மறக்காதீங்க. பாடி அலுமினியம்னு சந்தோஷப்படறவங்க சேஸிஸ் இரும்புங்கறதை மறந்துடறாங்க. ரெண்டு உலோகமும் தொடற இடத்துல அலுமினியம் வெள்ளை மாவா உதிரும். கதவுக் கீலுக்கு மேல, கண்ணாடிக்குக் கீழ இருக்கற பல்க்ஹெட் மூலைகளையும், பின் கிராஸ்மெம்பரையும் ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க. இஞ்சினை எப்பவும் சரி பண்ணலாம். சேஸிஸ் உளுத்துப் போனா வண்டியே போச்சு.

சின்னவண்டி:
யாரும் ஜிம்னியைத் தொடவே இல்லையே. விளையாட்டு வண்டின்னு நினைக்கறாங்க போல.

2018ல வந்த மாடல்லயும் லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரி தனிச் சட்டம்), முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற ஒரே அச்சு), தனி லீவர் போட்ட லோ ரேஞ்ச். 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லை. எடை 1,100 கிலோ சுத்துவட்டாரம். இங்க பேசற மத்த வண்டியெல்லாம் ரெண்டு டன் பக்கம். மணல்ல புதைஞ்சா ரெண்டு பேர் தள்ளி வெளியே எடுக்கலாம். எடை குறைஞ்சா பிரேக், டயர், பேரிங் எல்லாத்துக்கும் பாரம் குறையுது. உடையறதுக்கே சாமான் கம்மி.

பழைய_டீசல்:
தம்பி, ரெண்டு பேர், கூடாரம், தண்ணின்னு சொல்லியிருக்கார். 40 லிட்டர் டேங்க் வண்டியில எங்க வைக்கறது?

சின்னவண்டி:
அது நியாயமான கேள்வி. மேல கூடாரம் மாட்டற ஆசை இருந்தா ஜிம்னி வேண்டாம், கூரை தாங்கற எடை ரொம்பக் கம்மி. பின் சீட்டைக் கழட்டிட்டு, கூடாரத்தைத் தரையில போட்டுப் படுக்கறவங்களுக்கு ரெண்டு பேர் தாராளம். தார் ரோட்டுல வேகமாப் போனா இஞ்சின் கத்தும், எதிர்க்காத்துல ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டே இருக்கணும். அதையும் சொல்லிடறேன்.

டிஃப்லாக்:
எல்லாரும் இஞ்சினையே பேசறீங்க. வழியில வண்டி மாட்டிக்கறது பாதிக்கு மேல சக்கரத்தாலதான்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்ய முதல்ல ஒரு சக்கரம் வெறும சுத்தணும். சென்சார் அதைப் பார்த்து அந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும், பவர் மத்த பக்கம் போகும். ஜிம்னியில இருக்கறது இதுதான். நல்லாவே வேலை செய்யும். ஆனா சக்கரம் சுத்தின அந்த நேரத்துல குழி தோண்டியிருக்கும். நீளமான மணல் ஏத்தத்துல திரும்பத் திரும்ப நடந்தா பிரேக்கும் சூடாகும். டிஃப் லாக் போட்டா சக்கரம் வழுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டும் சேர்ந்து சுத்தும். மெர்சிடிஸ் ஜி-கிளாஸ்ல மூணு லாக் வர்றதும், ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக் வர்றதும் சும்மா இல்லை.

ஆனா லாக்கும் சும்மா வரலை. முன் டிஃபை லாக் பண்ணிட்டு பாறையில ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஆக்ஸில் ஷாஃப்டோ ஜாயின்ட்டோ பேசும். தெரியாதவன் கையில லாக் இருந்தா வண்டியோட நம்பகத்தன்மை குறையுது, கூடறதில்லை.

70 சீரிஸ் பத்தி அண்ணன் சொல்லாம விட்டது ஒண்ணு. 2007ல வி8 டீசல் போட்டப்போ முன்பக்க டிராக்கை (ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரத்தை) அகலமாக்கினாங்க, பின்பக்கத்தைப் பழைய அளவுலயே விட்டாங்க. வித்தியாசம் 95 மி.மீ. மணல்ல முன் சக்கரம் போட்ட தடத்துல பின் சக்கரம் போகாது, தனியாத் தடம் வெட்டும். அதே வி8ல ஆல்டர்னேட்டர் கீழ உட்கார்ந்திருக்கு. சேத்துல அடிக்கடி முங்கினா அது போயிடும்.

பழைய_டீசல்:
வி8 பத்தி நான் பேசவே இல்லையே! 1எச்இசட்னுதானே சொன்னேன். ஆல்டர்னேட்டர் விஷயம் உண்மைதான், சேறு பார்த்த வி8 வாங்கறவங்க அதைக் கழட்டிப் பார்த்துட்டு வாங்கணும்.

கல்லேறி:
நானும் என் பக்கத்து அழுக்கைச் சொல்லிடறேன், இல்லேன்னா டிஃப்லாக் சொல்லிடுவார்.

ராங்ளர்ல எல்லாரும் கேக்கறது "டெத் வாபிள்". ஒரு வேகத்துல பள்ளத்துல விழுந்ததும் முன் சக்கரம் ரெண்டும் படபடன்னு உதற ஆரம்பிக்கும், ஸ்டியரிங் கையை விட்டுப் போற மாதிரி ஆடும். வேகத்தை நல்லாக் குறைச்சாத்தான் நிக்கும். ரிஜிட் முன் ஆக்ஸில் எந்த வண்டியிலயும் இது வரலாம், ஜிம்னியிலயும் கிங்பின் பேரிங் தேஞ்சா ஸ்டியரிங் உதறும். பலபேர் உடனே ஸ்டியரிங் டேம்பரை மாத்துவாங்க. டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. வண்டி தரையில நிக்கும்போது இஞ்சினை ஓட விட்டு, ஒருத்தரை ஸ்டியரிங்கை இடதும் வலதுமா சின்னதா ஆட்டச் சொல்லுங்க. நீங்க கீழ படுத்து டிராக் பார் (முன் ஆக்ஸிலைப் பக்கவாட்டுல நகராம சேஸிஸோட பிடிக்கற கம்பி) ரெண்டு முனையையும் ஒவ்வொண்ணாக் கையால பிடிங்க. போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல "டக்"னு ஒரு தட்டு விரல்ல தெரிஞ்சா அங்கதான் கோளாறு. அப்புறம் பால் ஜாயின்ட், டயர் பேலன்ஸ்.

இஞ்சின்னு பார்த்தா ஜேகேல 2012க்கு முன்னாடி 3.8, அப்புறம் 3.6 பென்டாஸ்டார். ஆரம்ப பென்டாஸ்டார்ல இடது ஹெட் கோளாறு வந்து கம்பெனியே வாரன்ட்டியை நீட்டிச்சுது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பிளாஸ்டிக், வி-க்கு நடுவுல இருக்கு, ஒழுகினா மேல தெரியாது. ஜேஎல்ல ஸ்டார்ட்-ஸ்டாப்புக்காக ரெண்டாவதா ஒரு குட்டி பேட்டரி இருக்கு. அது செத்தா பெரிய பேட்டரியையும் கூட இழுத்துட்டுப் போகும், வண்டி ஸ்டார்ட் ஆகாம உட்காரும். உங்க பயன்பாட்டுக்கு இதை முதல்லயே மாத்திடுங்க.

மேட்டுவழி:
எல்லாருக்கும் நன்றி, நினைச்சதை விட உருப்படியாப் போகுது. ஒரு துணைக் கேள்வி. புது டிஃபெண்டர், 300 லேண்ட் க்ரூசர் மாதிரி வண்டிகளைப் பத்தி யாரும் பேசலையே? பழசுதான் நல்லதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்களா?

ஓடோமீட்டர்:
முடிவு செய்யவில்லை. புது டிஃபெண்டர் 2019ல் அறிமுகமானது, ஸ்லோவாக்கியாவின் நிட்ராவில் தயாராகிறது. அலுமினிய மோனோகாக் (தனிச் சட்டம் இல்லாமல் பாடியே சேஸிஸ்), நான்கு பக்கமும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். ஏர் சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. ஓட்டும்போது கூரையில் 168 கிலோ வைக்கலாம். தார் ரோட்டில் பழைய டிஃபெண்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஆனால் பழுது வந்தால் ஸ்பேனருக்கு முன் லேப்டாப் தேவைப்படும். ஏர் சஸ்பென்ஷன் இறங்கிவிட்டால் மேலே சொன்ன அந்த 900 மி.மீ. வெறும் எண்தான்.

டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதும் இல்லை. 300 சீரிஸில் வரும் 3.5 லிட்டர் ட்வின் டர்போ பெட்ரோல் இஞ்சின் குடும்பத்தில், உற்பத்தியின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்களால் பேரிங் பழுதாகலாம் என்று 2024ல் டண்ட்ராவையும் லெக்சஸ் எல்எக்ஸையும் லட்சம் வண்டிகள் அளவுக்குத் திரும்ப அழைத்தார்கள். 2.8 லிட்டர் டீசலின் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) குறை ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போனது.

நாற்பத்திரண்டு:
நிஸான் பேட்ரோல் ஆள் ஒருத்தன் இல்லாம இந்தப் பேச்சு எப்படி. 1997ல வந்த ஒய்61 பேட்ரோலையே எடுத்துக்கோங்க. அதே பாடி, அதே சேஸிஸ், அதே பேட்ஜ். டிடி42 டீசல் போட்டதுன்னா தலைமுறை தாண்டி ஓடும். ஆரம்ப கால இசட்டி30 மூணு லிட்டர் போட்டதுன்னா பிஸ்டன் உருகி இஞ்சினே போன கதைகள் ஏராளம், அதுக்கு "கையெறி குண்டு"ன்னு பட்டப் பேரே வச்சாங்க. அதனால யாராவது "பேட்ரோல் எப்படி?"ன்னு கேட்டா நான் பதில் சொல்றதில்லை. எந்த இஞ்சின், எந்த வருஷம்னு திருப்பிக் கேப்பேன். நாலு வண்டியில எதுன்னு கேக்கறதை விட்டுட்டு நீங்களும் அப்படியே கேளுங்க.

அலுமினியக்காரன்:
இது சரியான பேச்சு. டிஃபெண்டர்லயும் 300டிடிஐ ஒரு வண்டி, டிடி5 வேற வண்டி, 2007ல வந்த ஃபோர்டு இஞ்சின் போட்டது மூணாவது வண்டி. பேட்ஜ் மட்டும்தான் ஒண்ணு.

இனியோஸ் கிரெனடியர் பத்திக் கேப்பீங்க, நானே சொல்லிடறேன். பழைய டிஃபெண்டரோட வாரிசு மாதிரி பண்ணியிருக்காங்க, ரிஜிட் ஆக்ஸில் கராரோ, இஞ்சின் பிஎம்டபிள்யூ, கியர்பாக்ஸ் இசட்எஃப். ஒவ்வொரு சாமானும் பேர் பெற்றதுதான். ஆனா 2024ல சீட் தர்ற கம்பெனி திவாலாகி உற்பத்தியே நின்னுது. சின்னக் கம்பெனி வண்டி வாங்கறவங்க அதையும் மனசுல வச்சுக்கணும்.

டிஃப்லாக்:
ஆத்துப் படுகைன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் ஸ்நார்கெல் மாட்டறாங்க, ஆக்ஸில் பிரீதரை (உள்ளே காத்து போய்வர்ற வழியை) யாரும் பார்க்கறதில்லை. ரொம்ப நேரம் ஓடின ஆக்ஸில் சூடா இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ளே இருக்கற காத்து சட்டுனு சுருங்கும். பிரீதர் அடைச்சிருந்தா சீல் வழியா தண்ணியை உள்ளே உறிஞ்சும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சில வாரம் கழிச்சு பேரிங் ஊளையிடும்.

எனக்கும் ஒரு தடவை நடந்துது, வண்டி பேர் வேண்டாம். டிஃப் பிளக்கைத் திறந்தா ஆயில் டீக்கடை பால் டீ மாதிரி வெளியே வந்துது. அதுக்கப்புறம் பிரீதர் டியூபை நீட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டு போயிட்டேன். தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிறுத்தி ஆற விடறேன். எந்த வண்டி வாங்கினாலும் முதல் வாரத்துல பண்ண வேண்டிய வேலை இது. சாமான் செலவு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலாம்.

சின்னவண்டி:
டயரையும் சேர்த்துக்கோங்க. பெரிய ரிம்முல மெல்லிசான டயர் போட்ட வண்டி கல்லுல பக்கச் சுவர் கிழிஞ்சு நிக்கும், இஞ்சின் எவ்வளவு நல்லா இருந்து என்ன. 15, 16 இஞ்ச் ரிம், உசரமான பக்கச் சுவர். மணல்ல காத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்க, தார் ரோடு ஏறறதுக்கு முன்னாடி திரும்ப அடைங்க. இறக்கின காத்தோட வேகமா ஓட்டினா டயர் சூடாகி வெடிக்கும். கம்ப்ரஸர் இல்லாம கிளம்பவே கூடாது.

மேட்டுவழி:
நிறைய தெளிவு கிடைச்சுது. ஜிம்னியை மனசில்லாமத்தான் விடறேன், எங்க சுமைக்கு அது பத்தாது. ராங்ளர் கல்லுக்கு ராஜாதான், ஆனா எங்களுக்குக் கல் கொஞ்சம், தூரம் ஜாஸ்தி. இப்போ ரெண்டு வண்டி பார்வையில இருக்கு. ஒண்ணு 1எச்இசட் 70 சீரிஸ், ஓட்டம் ரொம்ப அதிகம், சர்வீஸ் புத்தகம் முழுசா இருக்கு. இன்னொண்ணு 300டிடிஐ டிஃபெண்டர், ஓட்டம் கம்மி, ரசீது எதுவும் இல்லை, பெயின்ட் புதுசு. எதை முதல்ல போய்ப் பார்க்கலாம்?

அலுமினியக்காரன்:
டிஃபெண்டர் ஆள் நானே சொல்றேன், 70ஐப் போய்ப் பாருங்க. ரசீது இல்லாத வண்டிக்குப் புது பெயின்ட்டுன்னா அடியில என்ன இருக்குன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய_டீசல்:
போறதுக்கு முன்னாடி நாள் போன் பண்ணி, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க. போனதும் பேச்சுக்கு முன்னாடி பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றோம்னு சொல்லுங்க. குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். குளோ பிளக் லைட் அணைஞ்சதும் உடனே பிடிக்கணும். கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா பரவாயில்லை. சூடான பின்னாடியும் நீலமாப் புகைஞ்சா வேண்டாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, ஸ்டார்ட் பண்ணினதும் தண்ணியில குமிழி வருதான்னு பாருங்க. டர்போ மாட்டிக் கழட்டின தடம் இருக்கான்னு மேனிஃபோல்டு பக்கமும் ஒரு பார்வை. அப்புறம் முன் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற உருண்டை ஹவுசிங்கைத் துடைச்சுப் பாருங்க. கிரீஸ் கெட்டியா இருந்தா சரி. தண்ணியா வழிஞ்சா உள் சீல் போயிடுச்சு, டிஃப் ஆயில் கலந்திருக்கு. அது வண்டியை வேண்டாம்னு சொல்ற அளவுக்குப் பெரிய விஷயமில்லை, பேரம் பேச உதவும். குளிர்ல ஸ்டார்ட் பண்றதை வீடியோ எடுத்து இங்க போடுங்க, சத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்.